பூ-எர், காபி, கோகோ: கலந்தே வாங்குவதா, நாமே கலப்பதா?

இணையக் கடைகளில் டீ தேடுகிறவர்கள் கண்ணில் இப்போது ஒரு கலவை அடிக்கடி படுகிறது. சீனாவின் யுன்னான் மாகாணத்துப் பூ-எர் தேயிலை, அதோடு வறுத்த காபிக்கொட்டை, உடைத்த கோகோ. உதிரி இலையாக, 50 கிராம், 100 கிராம் பைகளில் வருகிறது. காபியை விடவும் முடியாமல் குறைக்கவும் வேண்டியிருப்பவர்கள், பால் சேர்க்காமல் கெட்டியாக ஏதாவது குடிக்க விரும்புகிறவர்கள், இவர்கள்தான் இதைப் பற்றி அதிகம் விசாரிக்கிறார்கள். வாங்கலாமா?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மூன்றும் சேர்ந்த சுவை உண்மையிலேயே நல்ல சுவை. ஆனால் பெரும்பாலானவர்களுக்குக் கலந்த பை தேவையில்லை. இலையைத் தனியாக வாங்கி, காபியையும் கோகோவையும் போடும் நேரத்தில் சேர்ப்பதுதான் சரிப்படும். பாலோடுதான் குடிப்பேன் என்பவருக்கு வேறு வழி இருக்கிறது, அதற்கும் வருகிறேன். காரணம் புரிய முதலில் அந்த இலையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

பூ-எர், யுன்னானின் பெரிய இலைத் தேயிலைச் செடியிலிருந்து வருவது. அஸ்ஸாம் தேயிலையும் இதே வகைச் செடிதான். பறித்த இலையை வாட்டி, இரும்புச் சட்டியில் வதக்கி, உருட்டி, வெயிலில் காயவைப்பார்கள். அதை அப்படியே வைத்திருந்தால் ஷெங் எனப்படும் பச்சை வகை. அதன் கசப்பும் துவர்ப்பும் அடங்கப் பல வருடங்கள் பிடிக்கும். ஹாங்காங்கில் கறுத்து முதிர்ந்த பூ-எருக்கு நல்ல கிராக்கி இருந்தது. அவ்வளவு காலம் யார் காத்திருப்பது? 1973-இல் குன்மிங் தேயிலைத் தொழிற்சாலையில் இதற்கொரு குறுக்குவழியை உருவாக்கினார்கள். காய்ந்த இலையைப் பெரிய குவியலாகக் கொட்டி, தண்ணீர் தெளித்து, துணி போர்த்தி, அவ்வப்போது கிளறிவிட்டு, சுமார் 45 முதல் 60 நாள் வைத்திருப்பார்கள். குவியலுக்குள் சூடு ஏறும். இட்லி மாவு ராத்திரியில் புளிப்பதைப் போல அங்கேயும் நுண்ணுயிர்கள்தான் வேலை செய்கின்றன, முக்கியமாக ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர் என்ற பூஞ்சை. துவர்ப்பைத் தரும் கேட்டகின்கள் வெகுவாகக் குறைந்துவிடும். சாறு டிகாஷன் மாதிரி கறுத்து வரும். இதுதான் ஷோ எனப்படும் பழுத்த வகை.

காபியோடும் கோகோவோடும் சேர்ப்பது அநேகமாக எப்போதுமே இந்தப் பழுத்த பூ-எரைத்தான். அதற்கு நல்ல காரணம் இருக்கிறது. சாதாரணக் கறுப்பு டீயோடு கறுப்புக் காபியைச் சேர்த்தால் டீயின் துவர்ப்பும் காபியின் கசப்பும் ஒன்றோடொன்று முட்டும். அதைச் சமாளிக்கப் பாலோ சர்க்கரையோ வேண்டும். பழுத்த பூ-எரில் முட்டுவதற்குத் துவர்ப்பு அதிகம் இல்லை. மழை பெய்த மண், பழைய மரப்பெட்டி, பேரீச்சை, இப்படி ஒரு வாசனை. நல்ல இலையாக இருந்தால் கோகோ சாயலும் தானாகவே இருக்கும். காபி அதன் மேல் ஒரு வறுத்த மணத்தைப் போடுகிறது. கோகோ அடியில் நின்று கசப்பை உருண்டையாக்குகிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். சீனாவில் விளையும் காபியில் கிட்டத்தட்ட எல்லாமே யுன்னானில்தான் விளைகிறது. அதிலும் முதலிடம் பூ-எர் நகரைச் சுற்றியுள்ள மலைகளுக்கு. 2007 வரை சிமாவ் என்று இருந்த ஊர், தேயிலைக்காகவே பூ-எர் என்று பெயர் மாற்றிக்கொண்டது. ஒரே மலைத்தொடரில் டீத் தோட்டமும் காபித் தோட்டமும் அடுத்தடுத்து இருக்கும் ஊர் அது. எனவே இந்தச் சேர்க்கையை யாரோ விளம்பரத்துக்காகச் செய்த கிறுக்குத்தனம் என்று நான் ஒதுக்க மாட்டேன்.

சிக்கல் சுவையில் இல்லை, காலத்தில் இருக்கிறது.

பழுத்த பூ-எர் வருடக்கணக்கில் இருக்கும். ஈரமும் அந்நிய வாசனையும் படாமல் வைத்தால், புதிதில் இருக்கும் குவியல் வாடை போய் இன்னும் சாந்தமாகும். வறுத்த காபிக்கொட்டை அப்படியல்ல. வறுத்த சில வாரங்களிலேயே அதன் மணம் இறங்க ஆரம்பித்துவிடும். உடைத்துப் போட்டிருந்தால் இன்னும் வேகமாக. கோகோ நிப்ஸ், அதாவது வறுத்து ஓடு நீக்கி உடைத்த கோகோ விதை, எடையில் பாதிக்கு மேல் கொழுப்பு. காபியைவிட அதிக நாள் தாங்கும் என்றாலும், நம் ஊர் வெயிலில், அடிக்கடி திறந்து மூடும் பையில் கிடந்தால் ஒரு கட்டத்தில் காறல் வாடை வந்துவிடும். இந்த மூன்றையும் ஒரே பையில் போட்டால் அந்தப் பையின் ஆயுள் காபியின் ஆயுள்தான். வருடக்கணக்கில் நிற்கக்கூடிய இலையைச் சில வாரச் சரக்கோடு கட்டிப்போட்டதாகிவிடும். அதோடு தேயிலை பக்கத்தில் இருக்கும் வாசனையை எல்லாம் இழுத்துக்கொள்ளும் பொருள். மணம் போன காபியோடு மாதக்கணக்கில் கிடந்தால் அந்த வாடைதான் இலையில் ஏறும்.

சரி, கலந்த பையையே வாங்குவது என்று வைத்துக்கொள்வோம். அப்போது எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் சேர்பொருள் பட்டியல். இந்தியாவில் விற்கும் பொட்டலங்களில் எது எடையில் அதிகமோ அது முதலில் வர வேண்டும் என்பது விதி. பூ-எர் முதலில் இருக்கிறதா, அல்லது வெறும் கறுப்பு டீ முதலில் வந்து பூ-எர் மூன்றாவதாக எட்டிப்பார்க்கிறதா என்று பாருங்கள். கடைசியில் "சாக்லேட் சுவையூட்டி" என்றோ "இயற்கைச் சுவையூட்டி" என்றோ இருந்தால், பையைத் திறந்ததும் மூக்கில் அடிக்கும் சாக்லேட் மணம் கோகோவினுடையதல்ல. நிப்ஸ் அப்படித் தூக்கலாக மணக்காது. சுவையூட்டி சேர்ந்த கலவை முதல் கோப்பையில் அசத்தும், இரண்டாவது தண்ணீரில் அந்த மணம் பெரும்பாலும் போயிருக்கும்.

அடுத்து, "முதிர்ந்தது" என்ற சொல். அது எதை வேண்டுமானாலும் குறிக்கலாம். குவியலில் இரண்டு மாதம் இருந்ததையும் சொல்லலாம், குவியலுக்குப் பிறகு கிடங்கில் எட்டு வருடம் இருந்ததையும் சொல்லலாம். உற்பத்தி ஆண்டு போட்டிருக்கிறதா என்று கேளுங்கள். போடாமல் "முதிர்ந்தது" என்று மட்டும் சொல்லி விலை ஏற்றியிருந்தால் அந்தப் பணத்தைக் கொடுக்க வேண்டாம். உண்மையிலேயே பத்து வருடம் ஆன இலையாக இருந்தால்? அதைக் காபியோடு கலப்பதே வீண். பத்து வருடம் கொடுத்த மென்மையை ஏழெட்டுக் காபிக்கொட்டை மூடிவிடும்.

பை கைக்கு வந்ததும் இரண்டு ஸ்பூன் எடுத்து ஒரு வெள்ளைத் தட்டில் கொட்டிப் பாருங்கள். இலை முறுக்கிக்கொண்டு, கரும்பழுப்பில் லேசாகச் செம்மை தட்டி இருக்க வேண்டும். பொடியும் தூசியுமாக இருந்தால் அடிச்சரக்கு. காபி முழுக் கொட்டையாகக் கிடந்தால் பார்க்க அழகு, ஆனால் டீ போடும் நாலைந்து நிமிடத்தில் முழுக்கொட்டையிலிருந்து பெரிதாக எதுவும் இறங்காது. உடைந்து இருந்தால் சுவை இறங்கும், ஆனால் சீக்கிரம் பழசாகும். இரண்டில் எது என்றாலும் இழப்பு உண்டு. நிப்ஸும் கொட்டையும் கனமானவை, இலை லேசானது. பை கொஞ்ச நாள் அலமாரியில் நின்றாலே கனமானவை அடியில் இறங்கிவிடும். அதனால்தான் முதல் கோப்பைகள் வெறும் டீயாகவும், பை தீரும்போது போடுபவை காபிக் கஷாயமாகவும் இருக்கின்றன. ஒவ்வொரு முறையும் பையைப் படுக்கவைத்து உருட்டிவிட்டு எடுத்தால் ஓரளவு சமாளிக்கலாம்.

இதையெல்லாம்விட எனக்கு முக்கியமாகப் படுவது கழுவும் விஷயம். பழுத்த பூ-எரைப் போடும்போது முதலில் கொதிநீர் ஊற்றி ஐந்து, பத்து விநாடியில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுவது வழக்கம். கிடங்குத் தூசியும் குவியல் வாடையும் அதில் போகும், இலையும் விரிந்துகொள்ளும். கலவையில் இதைச் செய்தால் உடைந்த காபியின் மேல்மணத்தில் பாதி தொட்டியில் போய்விடும். செய்யாமல் விட்டால் முதல் கோப்பையில் காபி வாசனைக்குக் கீழே ஒரு மீன்வாடை மாதிரி ஏதோ நெளியும். மலிவான, புதிதான பழுத்த இலையில் இது நிச்சயம் தெரியும். இலைக்குத் தேவைப்படுவது காபிக்கு ஆகாது. ஒரே பையில் அடைத்த பிறகு இதற்கு மாற்று கிடையாது.

தனித்தனியாக வைத்திருந்தால் இந்தச் சிக்கலே எழாது. முதலில் இலையை மட்டும் கழுவிக்கொள்ளலாம், பிறகு மற்றவற்றைச் சேர்க்கலாம். நான் சொல்லும் அளவு இது. 250 மில்லி தண்ணீருக்கு 4 கிராம் பழுத்த பூ-எர், 2 கிராம் நிப்ஸ், 1 கிராம் காபி. ஒரு கிராம் காபி என்பது ஏழெட்டுக் கொட்டை. இஞ்சி தட்டும் சின்ன உரலில் நிப்ஸையும் கொட்டையையும் சேர்த்துப் போட்டு நாலு தட்டு தட்டினால் போதும். கொட்டை நான்கைந்து துண்டாக வேண்டும், பொடியாகக் கூடாது. பொடியானால் வடிகட்டியைத் தாண்டி வந்து சாறு கலங்கிவிடும், காபியும் மற்ற இரண்டையும் அடித்துவிடும். இலையைக் கழுவி வடித்ததும் உரலில் இருப்பதைச் சேர்த்து, நன்றாகக் கொதிக்கும் தண்ணீரை ஊற்றி, மூடி நாலு நிமிடம் விடுங்கள். ஆறிய தண்ணீர் வேண்டாம். இந்த இலைக்கும் நிப்ஸுக்கும் முழுக் கொதி வேண்டும்.

இரண்டாம் தண்ணீர் ஊற்றும்போதுதான் இந்த வழியின் அருமை தெரியும். காபி முதல் தண்ணீரிலேயே தன் சரக்கை எல்லாம் கொடுத்துவிட்டிருக்கும். இலை இன்னும் இரண்டு மூன்று முறை தாங்கும், நிப்ஸ் மெதுவாகத்தான் இறங்கும். கலந்த பையில் இரண்டாவது கோப்பை என்பது காபி இல்லாத கோப்பைதான். இங்கே வேண்டுமானால் நாலு கொட்டை புதிதாகத் தட்டிப் போட்டுக்கொள்ளலாம். வேண்டாமென்றால் டீயும் கோகோவுமாக விட்டுவிடலாம், அது எனக்கு முதல் கோப்பையைவிடப் பிடித்தது.

பொருள்கள் கிடைப்பதும் கஷ்டமில்லை. காபி வறுத்து அரைத்துத் தரும் கடைகளில் அரைக்காமல் 100 கிராம் பீபெரிக் கொட்டை கேட்டால் தருவார்கள். அரைத்த ஃபில்டர் காபிப்பொடி வேண்டாம், சிக்கரி கலந்தது கூடவே கூடாது. சிக்கரியின் கருகிய இனிப்பு பூ-எரின் மண்வாசனை மேல் ஏறி உட்கார்ந்துவிடும். பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராகக் கோகோ விளைகிறது. நம்மூர் நிப்ஸை இணையத்திலும் வாங்கலாம். கோகோ பவுடரைப் பால் சேர்க்காத டீயில் போடாதீர்கள். அது கரையாமல் அடியில் வண்டலாகத் தங்கும்.

இலை வாங்கும்போது உதிரியாகவே வாங்குங்கள். பூ-எர் என்றாலே இலையை அழுத்திச் செய்த 357 கிராம் வட்டுதான் பெரும்பாலும் கண்ணில் படும். அதை உடைக்கத் தனிக் கத்தி வேண்டும், பழக்கமும் வேண்டும். உதிரியில் தரம் பிரித்துத்தான் விற்பார்கள். கோங்திங் என்பது சின்னத் துளிரிலைகள், சீக்கிரம் இறங்கும், கோகோ சாயல் அதிகம், விலையும் அதிகம். 3, 5 என்று எண் போட்டவை கொஞ்சம் பெரிய இலை. கலப்பதற்கு அதுவே தாராளம். கோங்திங்கைத் தனியாகக் குடியுங்கள்.

இலை மலிவாகக் கிடைத்தால் கலந்த பையைவிட இது செலவு குறைவு. ஆனால் விலையை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். 2024-இல் உலகச் சந்தையில் கோகோ விலை டன்னுக்குப் பத்தாயிரம் டாலரைத் தாண்டியது. அப்படி ஏறும் காலங்களில் கலவையில் நிப்ஸைக் குறைத்துச் சுவையூட்டியைக் கூட்டத்தான் யாருக்கும் தோன்றும். தனியாக வாங்கினால் எவ்வளவு கோகோ விழுகிறது என்பது நம் கையில் இருக்கிறது.

இனி பால். பாலோடு குடிப்பவர் பூ-எர் பக்கமே போக வேண்டியதில்லை என்பது என் கருத்து. டீயையும் காபியையும் பாலோடு கலப்பதில் ஹாங்காங் எப்போதோ கரைகண்டுவிட்டது. அங்கே சா சான் தெங் எனப்படும் சிற்றுண்டிக் கடைகளில் யுன்யுங் என்று கேட்டால், இலங்கைத் தேயிலையில் கெட்டியாக இறக்கிச் சுண்டிய பால் சேர்த்த டீ ஏழு பங்கும், காபி மூன்று பங்குமாகக் கலந்து தருவார்கள். 1952-இல் தொடங்கிய லான் ஃபோங் யுவென் என்ற கடை அதைத் தாங்கள்தான் முதலில் போட்டதாகச் சொல்கிறது. மலேசியாவில் இதற்குக் கோப்பி சாம் என்று பெயர். அங்கே தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடைகளில் நெஸ்லோவும் கிடைக்கும். நெஸ்கஃபேயும் மைலோவும் சேர்ந்தது, ஆக காபியும் கோகோவும் அதில் இருக்கிறது. வீட்டில் செய்வதானால் நம்மூர் குருணை டீத்தூளில் கெட்டியாக டிகாஷன் இறக்கி, ஃபில்டர் டிகாஷனை அதில் கால் பங்குக்கும் குறைவாகவே சேர்த்து, பால் ஊற்றுங்கள். ஃபில்டர் டிகாஷன் அடர்த்தியானது, ஹாங்காங் கணக்கு அதற்குப் பொருந்தாது. பால் இருப்பதால் கோகோ பவுடர் இங்கே சரி. அரை ஸ்பூனைக் கொஞ்சம் சூடான பாலில் குழைத்துக்கொண்டு சேர்த்தால் கட்டி தட்டாது. எல்லாமே வீட்டில் இருக்கும் பொருள். பால் சேர்ந்த இனிப்பான கலவைதான் வேண்டுமென்றால் இதைத் தாண்டிப் போக வேண்டியதில்லை. பூ-எர் பைக்குக் கொடுக்கும் காசு மிச்சம்.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். வெறும் பூ-எரை இன்னும் குடித்தே பார்க்காதவர். அவர் எந்தக் கலவைக்கும் முன்னால் 25 கிராம் இலை வாங்கி அப்படியே குடித்துப் பார்ப்பது நல்லது. கெட்டியாக, துவர்ப்பில்லாமல், கோகோ சாயலோடு ஒரு கறுப்புச் சாறு என்பதுதான் தேவை என்றால் அது இலையிலேயே இருக்கிறது. மண்வாசனை பிடிக்கவில்லை என்றால் அப்போது காபி சேர்க்கலாம், கொஞ்சம் மூடிக் கொடுக்கும். அப்படியும் பிடிக்கவில்லையா, அது உங்களுக்கான டீ இல்லை, 25 கிராமோடு போகட்டும்.

காஃபினுக்காக மாறுகிறவர்கள் கணக்கைச் சரியாகப் போட வேண்டும். காபி சேர்ந்திருப்பதால்தான் தூக்கம் கெடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு கிராம் அராபிகாக் கொட்டையில் இருப்பது சுமார் 12 மில்லிகிராம் காஃபின். நாலு கிராம் தேயிலையில், எடையில் 2 முதல் 4 சதவீதம் என்று வைத்தால், 80 முதல் 160 வரை போகும். எல்லாம் ஒரே தண்ணீரில் இறங்காது, இருந்தாலும் பெரிய பங்கு டீயுடையதுதான். முழு டம்ளர் ஃபில்டர் காபியோடு ஒப்பிட்டால் ஒரு கோப்பை குறைவாக இருக்கலாம். அதே இலையில் மூன்று முறை தண்ணீர் ஊற்றிக் குடித்தால் அந்தக் குறைவு இல்லாமல் போகும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல், ஒரு நாளைக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் காஃபின் வேண்டாம் என்கிறது. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் டீ, காபி தவிர்க்கவும் சொல்கிறது, உணவின் இரும்புச் சத்து உடலில் சேர்வதை அவை தடுப்பதால். இரத்தசோகை உள்ள பெண்கள் இதை அவசியம் கவனிக்க வேண்டும்.

நெஞ்செரிச்சலுக்காகக் காபியை விட்டவர்கள் கலவையை நம்பி வாங்க வேண்டாம். காபி, கோகோ இரண்டுமே பலருக்கு எரிச்சலைக் கிளப்பும். அவர்கள் வெறும் பழுத்த பூ-எரைச் சாப்பாடு முடிந்து சற்று நேரம் கழித்துக் குடித்துப் பார்க்கலாம். உடல் இளைக்கும் என்று அட்டையில் போட்டிருந்தால் அதற்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்காதீர்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் கலந்த பை யாருக்குப் பொருந்தும் என்றால், அலுவலகத்தில் ஒரு வெந்நீர்க் குடுவையும் வடிகட்டியுள்ள கோப்பையும் மட்டும் வைத்திருப்பவருக்கு, அல்லது பூ-எர் பற்றி ஒன்றும் தெரியாத நண்பருக்குப் பரிசாகக் கொடுப்பவருக்கு. அவர்கள் 50 கிராமுக்கு மேல் வாங்க வேண்டாம். பொட்டலமிட்ட தேதி மூன்று மாதத்துக்குள் இருக்கிறதா என்று கடையில் கேட்டுவிட்டு வாங்குங்கள். திறந்தபின் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு இரண்டு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். வீட்டில் நாய் இருந்தால் கொதித்த சக்கையைத் தொட்டிச் செடிக்குப் போட வேண்டாம். நிப்ஸில் இருக்கும் தியோபுரோமின் நாய்க்கு விஷம்.